வழக்கு நடந்த பல்கலைக்கழகத்தின் நீச்சல் அணியில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் இருக்கிறோம். மகள் 11ஆம் வகுப்பு படிக்கிறாள், கிளப்பில் நீந்துகிறாள். கல்லூரிப் பட்டியலில் ஐயோவா பல்கலைக்கழகமும் இருக்கிறது. சனிக்கிழமை அமெரிக்க ஃபுட்பால் பார்க்கக் கூடும் நண்பர்களிடம் இதைச் சொன்னாலே வாக்குவாதம்தான். ‘பெண்கள் வழக்குப் போட்டதால்தான் ஆண்கள் நீச்சல் அணி ஒழிந்தது’ என்கிறார் ஒருவர். ‘ஃபுட்பால் சம்பாதிக்கிறது, மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போய் அதைக் கரைக்கிறார்கள்’ என்கிறார் இன்னொருவர். ‘அந்த விளையாட்டுத் துறையே வழக்குத் துறை, மகளை அனுப்பாதீர்கள்’ என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது? மகள் சேர்ந்த பிறகு அணியைக் கலைத்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: மூவரும் பாதி சரி. ஆனால் அந்தப் பாதியை வைத்து முடிவெடுத்தால் மகளுக்குத்தான் நஷ்டம். நடந்ததை முதலில் வரிசைப்படி பார்த்துவிடுவோம்.

2020 ஆகஸ்டில் கொரோனா காரணமாக, ஐயோவா ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென் அந்தப் பருவத்தின் ஃபுட்பால் ஆட்டங்களைத் தள்ளிவைத்தது. பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 21 அன்று, ஐயோவா பல்கலைக்கழகம் நான்கு அணிகளை மூடுவதாக அறிவித்தது: ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் டென்னிஸ், ஆண்கள் நீச்சல், பெண்கள் நீச்சல். சுமார் 10 கோடி டாலர் வருமானம் போகிறது, 6 முதல் 7.5 கோடி வரை பற்றாக்குறை விழும் என்று காரணம் சொன்னார்கள். நான்கு அணிகளையும் மூடினால் ஆண்டுக்கு மிச்சமாவது சுமார் 50 லட்சம் டாலர்தான் என்பதும் அப்போதே வெளிவந்தது. செப்டம்பர் நடுவில் பிக் டென் மனம் மாறி, ஃபுட்பாலை நடத்துவதாக அறிவித்தது. ஆனால் மூடிய அணிகள் விஷயத்தில் ஐயோவா மாறவில்லை.

அந்த மாதக் கடைசியில்தான் பெண் நீச்சல் வீராங்கனைகள் நால்வர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிசம்பரில், அணியை மூடக் கூடாது என்று இடைக்காலத் தடையாணை கிடைத்தது. 2021 பிப்ரவரியில் பெண்கள் நீச்சல் அணியைத் திரும்பக் கொண்டுவருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பெண்கள் நீச்சல் அணி குறைந்தது 7 ஆண்டு நீடிக்கும், பெண்களுக்கு மல்யுத்த அணி ஒன்று புதிதாக வரும் என்பவை அதில் முக்கியம். ஆண்கள் அணிகள் மூன்றும் திரும்பவில்லை.

ஆக, முதலாமவர் வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறார். ஆண்கள் அணிகளை மூடும் முடிவு வழக்குக்கு முன்பே வந்துவிட்டது. அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. எந்த அணிகளை மூடுவது என்று தேர்ந்தெடுத்தபோது பாலினச் சமத்துவச் சட்டத்தையும் கணக்கில் எடுத்ததாகப் பல்கலைக்கழகமே சொன்னது. நாலில் மூன்று ஆண்கள் அணியாக இருந்தது தற்செயல் அல்ல. ஆனால் ஆண்கள் அணிகளை மூடு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பெண்களுக்கு இடம் கூட்டிச் சமன் செய்வதும் ஒரு வழி, ஆண்களுக்குக் குறைத்துச் சமன் செய்வதும் ஒரு வழி. பணம் இல்லை என்னும் நிர்வாகம் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். நீதிமன்றங்கள் அதை அனுமதித்தும் இருக்கின்றன. இல்லினாய் பல்கலைக்கழகம் ஆண்கள் நீச்சலை மூடிவிட்டு பெண்கள் நீச்சலை வைத்துக்கொண்டபோது ஆண்கள் வழக்குப் போட்டு, 1994இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள்.

அந்தச் சட்டம்தான் 1972இல் வந்த டைட்டில் நைன். மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனம் எதிலும் பாலின அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ‘யாரையும்’ என்பதால் குடியுரிமை ஒரு பொருட்டல்ல. விசாவில் படிக்கும் மாணவிக்கும் இது பொருந்தும். விளையாட்டு விஷயத்தில் மூன்று வழி கொடுத்திருக்கிறார்கள், ஒன்றில் தேறினால் போதும். மாணவர் தொகையில் பெண்கள் எத்தனை சதவீதமோ, விளையாட்டு வீரர்களிலும் ஏறத்தாழ அத்தனை இருப்பது ஒன்று. பெண்களுக்கான அணிகளைத் தொடர்ந்து கூட்டிவருவது இன்னொன்று. இருக்கும் மாணவிகளின் ஆர்வமும் திறமையும் முழுவதும் நிறைவேறியிருப்பது மூன்றாவது. நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒரு பெண்கள் அணியை மூடும் நிர்வாகம், ‘கூட்டிவருகிறோம்’ என்றும் சொல்ல முடியாது, ‘ஆர்வம் நிறைவேறிவிட்டது’ என்றும் சொல்ல முடியாது. மிஞ்சுவது முதல் வழியான தலைக்கணக்கு. இந்த வழக்குகளில் பெரும்பாலும் ஜெயிப்பதும் தோற்பதும் அங்கேதான். ஃபுட்பாலை ரசிப்பவர்கள் இரவு முழுக்க யாருக்குப் பேராசை என்று பேசலாம். நீதிபதி பார்ப்பது எண்ணிக்கையை.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களில் 52 சதவீதம் பெண்கள். விளையாட்டு வீரர்கள் 700 பேர். அதில் ஆண்கள் 378, பெண்கள் 322, அதாவது 46 சதவீதம். ‘ஆறு சதவீதம்தானே குறைகிறது’ என்று தோன்றும். ஆண்களின் எண்ணிக்கையைத் தொடாமல் பெண்களை 52 சதவீதம் ஆக்க வேண்டுமானால் 410 பெண்கள் வேண்டும். குறைவது 88 இடம். ஒரு நீச்சல் அணிக்கு 30 பேர் என்றால்கூட கிட்டத்தட்ட மூன்று அணி. சதவீதத்தைப் பார்க்காதே, எத்தனை இடம் குறைகிறது, அதில் ஓர் அணி அமைக்க முடியுமா என்று பார் என மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக நீச்சல் வீராங்கனைகளின் வழக்கில் 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அங்கே அணி திரும்ப வரவில்லை. எதிர்காலத்தில் சமத்துவம் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டு அடுத்த ஆண்டு சமரசம் ஆனார்கள். சட்டத்தில் கை ஓங்கியும், குளம் கைக்கு வரவில்லை.

எண்ணிக்கைதான் எல்லாம் என்றால் எண்ணிக்கையில் விளையாட்டுக் காட்டுவார்கள் அல்லவா? காட்டினார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் குவினிபியாக் பல்கலைக்கழகம் 2009இல் பெண்கள் வாலிபால் அணியை மூடப் போனது. வழக்கில் வெளிவந்தவை ருசிகரமானவை. வீரர்களின் பட்டியலைக் கணக்குக்கு அனுப்பும் தேதிக்குச் சற்று முன்பு ஆண்கள் அணிகளிலிருந்து சிலரை எடுத்துவிட்டு, தேதி தாண்டியதும் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். பெண்கள் அணியில் இதற்கு நேர் எதிர்: தேதிக்கு முன் சேர்த்து, பிறகு நீக்கம். நெடுந்தூரம் ஓடும் பெண்களை உள்ளரங்கு ஓட்டத்திலும் வெளியரங்கு ஓட்டத்திலும் சேர்த்து, ஒரே பெண்ணை மூன்று தடவை எண்ணியிருக்கிறார்கள். வாலிபாலுக்குப் பதிலாகக் காட்டிய சியர் அணியை (ஆடிப்பாடி உற்சாகமூட்டும் குழு) விளையாட்டாகவே எடுத்துக்கொள்ள முடியாது என்று 2010இல் நீதிபதி தீர்ப்பளித்தார். நம்ம ஊர் ரேஷன் கார்டு வேலைகளெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

இனி இரண்டாமவர். ஃபுட்பால் சம்பாதிக்கிறது என்பது உண்மை. ஐயோவா மாதிரி இடங்களில் மற்ற அணிகள் பெரும்பாலானவை அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் சம்பாதிக்கும் விளையாட்டுக்குச் சட்டத்தில் விலக்கு கிடையாது. 1974இல் செனட்டில் அப்படியொரு திருத்தம் கொண்டுவந்தார்கள். இறுதிச் சட்டத்தில் அது சேரவில்லை. நூறு பேருக்கு மேல் நிற்கும் ஃபுட்பால் அணிக்கு ஈடாகப் பெண்கள் அணி ஒன்றும் கிடையாது. எண்ணிக்கை எப்போதும் ஒரு பக்கம் சாய்வதற்கு அதுதான் முதல் காரணம். பெண்கள் விளையாட்டை யார் பார்க்கிறார்கள் என்று அவர் கேட்டால், 2023 அக்டோபரில் அதே ஐயோவாவின் கின்னிக் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் பெண்கள் கூடைப்பந்து பார்க்க 55,646 பேர் வந்ததை நினைவூட்டுங்கள்.

கோர்ட்டில் பணம் கரைகிறது என்ற குறையை முழுக்க ஒதுக்க முடியாது. நீச்சல் வழக்கில் பெண்கள் முக்கியமாகக் கேட்டது அணியைத்தான். பணமாகக் கைமாறியதில் பெரும்பகுதி வழக்கறிஞர் கட்டணம். பெரிய தொகைகள் போனது ஐயோவாவின் வேறு வழக்குகளில். ஹாக்கி பயிற்சியாளர் ஒருவர் 2014இல் நீக்கப்பட்டதை ஒட்டி எழுந்த இரண்டு வழக்குகளை 2017இல் முடிக்க 65 லட்சம் டாலர். இனப் பாகுபாடு என்று முன்னாள் கறுப்பின ஃபுட்பால் வீரர்கள் போட்ட வழக்கை 2023இல் முடிக்க 41 லட்சத்து 75 ஆயிரம் டாலர். இதில் 20 லட்சத்தை மாநிலப் பொது நிதியிலிருந்து கொடுக்க முதலில் முடிவானது. ஊர்ப் பணத்தில் விளையாட்டுத் துறையின் கடனைத் தீர்ப்பதா என்று மாநிலத் தணிக்கையாளரே எதிர்த்து வாக்களித்தார். பெரிய கூச்சல் கிளம்பியது. கடைசியில் அந்த 20 லட்சத்தைத் தானே திருப்பிக் கட்டுவதாக விளையாட்டுத் துறை ஒப்புக்கொண்டது. ஃபுட்பாலின் பேரில் வந்த வழக்கும் ஃபுட்பால் பணத்தைத்தான் தின்றது என்பதை அந்த நண்பரிடம் சொல்லலாம். சமரசம் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள் இல்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள், நியாயமாக இருக்கும்.

மூன்றாமவரின் ‘வழக்குத் துறை’ பேச்சுக்கு வருகிறேன். உங்களுக்குத் தேவையானது இங்கேதான் இருக்கிறது. வழக்கு வந்த இடம் என்பதற்காக மட்டும் ஒரு பல்கலைக்கழகத்தை நான் தள்ள மாட்டேன். வழக்கு முடிந்த இடத்தில் அணிக்கு எழுத்தில் உத்தரவாதம் இருக்கும்; வழக்கே வராத இடத்தில் கோச்சின் வாய் வார்த்தைதான் இருக்கும். ஆனால் உத்தரவாதத்துக்குத் தேதி உண்டு. ஐயோவாவின் 7 ஆண்டு 2028 வாக்கில் முடிகிறது. உங்கள் மகள் 2026இலோ 2027இலோ சேர்ந்தால் படிப்பின் நடுவில் அது காலாவதியாகும். பிரௌன் பல்கலைக்கழகத்தில் இந்தத் தேதி விவகாரம் நன்றாகவே தெரிந்தது. 1991இல் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், வாலிபால் அணிகளின் அந்தஸ்தைக் குறைத்ததில் தொடங்கிய வழக்கு 1998இல் சமரசமானது. 2020இல் அங்கே அணிகளைக் குறைத்தபோது, பழைய ஒப்பந்தத்தைக் காட்டித்தான் பெண்கள் குதிரையேற்றத்தையும் வாள்வீச்சையும் மீட்டார்கள். ஆனால் அந்தப் பேரத்தில் ஒப்பந்தத்துக்கு 2024 ஆகஸ்ட் 31 என்று முடிவுத் தேதி குறித்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், பழைய வழக்கைவிடப் புதிய ஏற்பாட்டுக்குத்தான் அதிகம் யோசிப்பேன். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி வீரர்கள் போட்ட ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். ஒவ்வோர் அணியிலும் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு வந்துவிட்டது. அந்தப் பணத்தின் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகும். எங்கோ ஒரு மூலையில் வெட்ட வேண்டிவரும். நீச்சல் அணி அந்த மூலைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சரி, என்ன செய்யலாம்? பல்கலைக்கழகங்கள் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15க்குள் விளையாட்டுச் சமத்துவ அறிக்கை வெளியிட வேண்டும், கேட்பவர்க்குக் கொடுக்கவும் வேண்டும். மத்தியக் கல்வித் துறையின் இணையதளத்திலும் அது இருக்கும். ஐயோவாவுக்கும் பட்டியலில் உள்ள மற்ற இடங்களுக்கும் ஐந்தாறு ஆண்டு அறிக்கைகளை எடுத்து, மேலே போட்ட கணக்கைப் போடுங்கள். பெண்கள் நீச்சல் அணியின் எண்ணிக்கையும் செலவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: பெண்கள் அணியோடு பயிற்சிக்கு மட்டும் ஆடும் ஆண்களையும் இந்த அறிக்கையில் பெண்கள் அணிக் கணக்கில் எழுதுவார்கள். கூடைப்பந்துப் பட்டியல் ஊதியிருந்தால் அதுதான் சங்கதி. இது நீதிமன்றக் கணக்கு அல்ல, நிலவரம் தெரிந்துகொள்ள மட்டும்.

ஒரு வழக்கைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் மனுவையே படித்துவிடுங்கள். ஃபெடரல் நீதிமன்ற ஆவணங்கள், அந்த நீதிமன்றங்களின் பேசர் (PACER) இணையதளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். முதல் பக்கத்தில் யார் மீது வழக்கு என்றும், கடைசிப் பக்கங்களில் என்ன கேட்கிறார்கள் என்றும் இருக்கும். பிரதிவாதி பெரும்பாலும் ‘விளையாட்டுத் துறை’ ஆக இருக்காது, பல்கலைக்கழகமாகவோ அதன் ஆட்சிக்குழுவாகவோ இருக்கும். அணியைக் கேட்கிறார்களா, பணத்தைக் கேட்கிறார்களா, வேலையைக் கேட்கிறார்களா என்று பார்த்தாலே சனிக்கிழமைச் சண்டையில் பாதி அடங்கும்.

கோச்சிடம் பேசும்போது உத்தரவாதம் முடிந்த பிறகு அணியின் நிலை என்ன என்று நேராகக் கேட்கலாம். தயங்க வேண்டாம், கேட்டதற்காக யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம் ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா என்று பாருங்கள். அணி மூடப்பட்டாலும் பட்டம் முடியும்வரை உதவித்தொகை தொடரும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 2020இல் ஐயோவா தொடர்ந்து கொடுப்பதாகத்தான் சொன்னது. ஆனால் அன்று அவர்கள் சொன்னதை நம்பி நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.

அப்படியும் அணியை மூடிவிட்டால்? கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் புகார் கொடுக்க 180 நாள் கெடு. நேரே நீதிமன்றம் போகவும் உரிமை உண்டு. அந்தக் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அணியைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் இந்தக் கெடுக்களை நம்பி உட்காரக் கூடாது. அறிவிப்பு வந்த சில வாரங்களுக்குள் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல நீச்சல்காரர்கள் வேறு கல்லூரிக்குக் கிளம்பிவிட்டால் மீட்பதற்கு அணியே இருக்காது. புகார் செய்தவரைப் பழிவாங்குவதும் டைட்டில் நைன் மீறல்தான் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொல்லியிருக்கிறது. எனவே மகளின் பெயர் வெளியே வருமே என்று பயந்து காலத்தைக் கடத்த வேண்டாம். அணி போனாலும் அவள் அங்கேயே படித்து முடிக்க விரும்பும் படிப்புதானா என்பதை மட்டும், கோச்சிடம் போகும் முன், அவளிடமே கேட்டுவிடுங்கள்.