உளமருத்துவர் குளிசை எழுதினால் போதாதா?

மருந்து எழுதுவது டொக்டர் வேலை, கதைத்து ஆற்றுவது உளவளத்துணையாளர் வேலை, பிறகு உளமருத்துவப் பயிற்சியில் உளச்சிகிச்சை (கதைப்பதன் மூலம் செய்யும் சிகிச்சை) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பிரிவொன்றில் வேலை செய்கிறேன். என்னைக் கேட்டால், குளிசையைச் சரியாக எழுதுவதற்கே அந்தப் பயிற்சி வேண்டும்.

ஒரு அம்மா (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) நெஞ்செரிவு, பெருமூச்சு, நித்திரை இல்லை என்று நாலு வருசமாக கிளினிக் வந்தார். நானும் குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தேன். ஒருநாள், "எப்ப தொடக்கம் அம்மா நித்திரை இல்லை?" என்று கேட்டேன். போரால் யாழ்ப்பாணச் சனம் ஊரை விட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வைச் சொல்லத் தொடங்கினார். ஒக்டோபர் 30 இரவு, மழை, நாவற்குழிப் பாலத்தில் அசைய முடியாத சனம், நெரிசலில் கை நழுவிப்போன தகப்பன். நான் இடையில் மறித்து, "பிரஷர் குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?" என்றேன். "ஓம் தம்பி" என்று நிறுத்திவிட்டார்.

எனக்கு மேற்பார்வையாளராக இருந்த மூத்த மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, "அந்த இடத்தில் ஏன் மறித்தாய்?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் விளங்கியது. எட்டு வயதில் அதே பாலத்தில் அப்பாவின் தோளில் நானும் இருந்தேன். அந்தக் கதையைத் தாங்க முடியாமல் போனது எனக்கு.

நோயாளியின் கதை நமக்குள் எதைக் கிளப்புகிறது என்று பார்க்கப் பாடப்புத்தகம் பழக்காது. பிரித்தானியாவில் பயிற்சி உளமருத்துவர்கள் மேற்பார்வையோடு உளச்சிகிச்சை செய்து பார்க்க வேண்டும், நோயாளிகளைப் பற்றிக் குழுவாக இருந்து கதைக்கவும் வேண்டும். போரைத் தாங்களே கண்ட மருத்துவர்கள் வேலை செய்யும் நம் ஊருக்கு அது இன்னும் தேவை.

உளச்சிகிச்சையை டொக்டர்தான் செய்ய வேண்டும் என்றில்லை, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். நடந்ததைக் கதையாகச் சொல்லவைத்த பிள்ளைகளும் தேறினார்கள், தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்த பிள்ளைகளும் தேறினார்கள். ஆனால் யாரை அனுப்புவது, யாருக்கு முதலில் மருந்து என்று பிரிக்க டொக்டருக்குக் கேட்கத் தெரிய வேண்டும். மனச்சிதைவுக்கோ கடும் மனச்சோர்வுக்கோ மருந்தை விட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த அம்மாவுக்கு இப்போது கிளினிக்கில் கடைசி இலக்கம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சனம் போனபிறகு இருபது நிமிடம் கிடைக்கும். போன மாதம் தகப்பனின் பெயரைச் சொன்னார்.