வகுப்பறையில் அரசியலமைப்பு: கேள்வி பதில்

சமூக அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், குமரி மாவட்டத்து ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

தக்கலை ஆசிரியை: ஐயா, எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் வாக்குச்சீட்டு, விரல் மை சகிதம் மாணவர் தலைவர் தேர்தல் நடத்துகிறோம். மக்களாட்சியைப் புரிய வைக்க அது போதாதா?

தேர்தல் பாதிப் பாடம்தான், டீச்சர். வென்றவர் எதைச் செய்யக் கூடாது என்பது மறுபாதி; அதைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். முதலில், யாரும் மீறக் கூடாத நான்கைந்து உரிமைகளை மாணவர்களே எழுதிச் சுவரில் ஒட்டட்டும். "தன் கையில் இல்லாத காரணத்துக்காக ஒருவரையும் தண்டிக்கக் கூடாது" என்பது அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். அடுத்த வாரம், "தாமதமாக வருபவர் விளையாட்டு நேரத்தில் வகுப்பைப் பெருக்க வேண்டும்" என்ற விதியை வாக்கெடுப்புக்கு விடுங்கள். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளைகளே அதிகம் என்றால் அது எளிதில் நிறைவேறிவிடும். மழைநாளில் பேருந்து பிந்தியதால் அருமனையிலிருந்து நனைந்து வந்து சேரும் பிள்ளையின் கையில்தான் துடைப்பம் போய்ச் சேரும். அப்போது நீதிபதிகளாக மூவரை அமர்த்தி, சுவரிலுள்ள தாளோடு அந்த விதியை ஒப்பிடச் சொல்லுங்கள். பெரும்பான்மை விரும்பிய விதியும் செல்லாமல் போகும் என்பதைக் கண்ணால் கண்ட பிறகு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்னும் அரசியலமைப்பின் 13ஆம் பிரிவைச் சொன்னால், அது மனத்தில் பதியும்.

தோவாளையிலிருந்து ஒரு தாய்: மாணவர்களைக் கிராம சபைக்கு அழைத்துச் சென்றால் கட்சி அரசியல் ஒட்டிக்கொள்ளாதா?

உங்கள் கவலை புரிகிறது, அம்மா. ஆனால் தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தலே கட்சி அடிப்படையில் நடப்பதில்லை. ஊரின் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைகள் பார்வையாளர்களாக மட்டுமே இருப்பார்கள். தலைவரிடம் முன்பே சொல்லிவிட்டு, சனவரி 26 அல்லது அக்டோபர் 2 கூட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம். வாசிக்கப்படும் கணக்கில் தெருவிளக்கு, குடிநீர் என ஆளுக்கொரு செலவைக் குறித்துக்கொண்டு, அதைப் பற்றி யார் கேள்வி கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று எழுதி வந்தால் போதும்.

நாகர்கோவில் பயிற்சி ஆசிரியர்: உள்ளூர் வரலாற்றை இதனுடன் இணைக்க முடியுமா?

தாராளமாக. 1936 நவம்பர் 12 அன்று, அப்போது நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர், ஒடுக்கப்பட்ட சாதியினரும் கோயிலுக்குள் செல்லலாம் என்னும் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார்; சுசீந்திரம் கோயிலும் அதற்குள் அடங்கியது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு 1950 முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டையும் அருகருகே வைத்து, மன்னர் ஆணையாகக் கிடைத்ததற்கும் நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமைக்கும் என்ன வேறுபாடு என்று விவாதிக்க விடுங்கள். நம் மாவட்டத்தின் பிறப்பும் நல்ல பாடமே: தாய்த்தமிழகத்தோடு இணைவதற்காக மக்கள் போராடினார்கள், ஆயினும் அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று வந்து சேர்ந்தது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால்தான்.

குலசேகரம் ஆசிரியர்: எந்த வகுப்பில் தொடங்கலாம்? மதிப்பெண் எப்படி இடுவது?

ஆறாம் வகுப்பிலேயே தொடங்கலாம். தீர்ப்பு இன்னதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். காட்டிய காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். நீதிபதிகளாக அமர்ந்த மூவரில் ஒருவர் மாறுபட்டால் அவருடைய தீர்ப்பையும் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்.