ஏரியில் பாதித் தண்ணீர் இருக்கும்போதே லாரிக்குச் சொல்லி வைக்க வேண்டுமா?

கேள்வி: சென்னை போரூர் பக்கம் 48 வீடுகள் கொண்ட குடியிருப்பின் செயலாளர் நான். செம்பரம்பாக்கம் ஏரியில் 24 அடிக்கு 12 அடி இருக்கிறது என்கிறார்கள். ஏப்ரல்கூட முடியவில்லை, குழாயில் வரத்து குறைந்துவிட்டது. இப்போதே லாரிக்குச் சொல்லிவிடலாமா ஐயா?

பதில்: அடிக்கணக்கை விடுங்கள். ஏரி மேலே அகலம், கீழே குறுகல். உயரத்தில் பாதி என்றால் தண்ணீரில் பாதிக்கும் குறைவுதான். அதிலும் மதகுக்குக் கீழே கிடப்பதை மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். கலங்கலும் பாசி வாடையும் கூடவே வரும்.

பார்க்க வேண்டியது மில்லியன் கனஅடி. செம்பரம்பாக்கம் நிரம்பினால் 3,645. அதோடு பூண்டி, புழல், சோழவரம், தேர்வாய்கண்டிகை என்று ஐந்து ஏரிகளையும் சேர்த்தால் 11,757. ஒரு மில்லியன் கனஅடி என்பது 2.83 கோடி லிட்டர். 2019 வறட்சியின்போது நகரின் அன்றாடத் தேவை 83 கோடி லிட்டர். அந்தக் கணக்கில் ஒரு டிஎம்சி, அதாவது ஆயிரம் மில்லியன் கனஅடி, சுமார் 34 நாளைக்கு வரும். இன்றைய தேவைக்கு அதுவும் வராது. வெயில் குடிப்பது தனி. நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் ஒரு சதுர கிலோமீட்டரில் 50 லட்சம் லிட்டர் போச்சு, அதாவது 9,000 லிட்டர் லாரி ஐந்நூற்றுக்கும் மேல்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஆறு மாதம். ஐந்து ஏரிகளின் மொத்த இருப்பு எத்தனை டிஎம்சி என்று பார்த்து, அதை 34 நாளால் பெருக்கிப் பாருங்கள். ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீர் வருகிறதா, கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியில் இருப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டபோது முக்கியமாகக் கைகொடுத்தவை வீராணமும், கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளும். அப்படியும் விநியோகம் 52.5 கோடி லிட்டராக இறங்கியது. ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த ரயில் பெரிதாகப் பேசப்பட்டது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்தான்!

சரி, லாரி. வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் உங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 26,000 லிட்டர், மூன்று லாரி. இன்றே வாங்க வேண்டாம். ஆனால் மே மாதத்தில் விலை ஏறுமுன் ஒருவரிடம் பேசி வையுங்கள். அதற்குள் சம்ப்பைக் கழுவி, ஃப்ளஷ் தொட்டிக் கசிவுகளை அடைத்துவிடுங்கள். கசிவு நின்றாலே தேவை கொஞ்சம் குறையும்.

அழுத்தம் குறைகிறதே என்று குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் போடாதீர்கள். சட்டப்படி தவறு; அதோடு, குழாயில் விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையையும் அது உறிஞ்சும். போர்வெல்லை ஆழப்படுத்தும் யோசனையும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் போட்டால் பக்கத்துக் குடியிருப்பும் போடும், அப்புறம் இருவருக்கும் காற்றுதான் வரும்.