கணக்கு நோட்டில் வரைகிறாள், வகுப்பில் மாட்டேன் என்கிறாள்

கேள்வி: மதுரை ஒத்தக்கடையில் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு ஓவிய வகுப்பு நடத்துகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் நான்கு மாதமாக வருகிறாள். அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வீட்டு ஆடுகளைப் பேனாவால் வரைந்து வைத்திருக்கிறாள், பார்த்து அசந்துபோனேன். ஆனால் வகுப்பில் தாளைக் கொடுத்தால் ஒரு கோடு போடுவாள், அழிப்பாள், "வரலை சார்" என்று வைத்துவிடுவாள். எவ்வளவு பாராட்டினாலும் அசைவதில்லை. அவள் அம்மா போட்டிக்குத் தயார் செய்யச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பாராட்டை நிறுத்துங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதே தப்பைப் பல வருஷம் செய்தவன்தான். பத்துப் பிள்ளைகள் நடுவில் "உனக்குக் கை தானா வருதும்மா, நீ பெரிய ஆளா வருவே" என்று சொல்லிவிட்டால், அன்றோடு அந்தப் பிள்ளைக்கு அடுத்த தாள் பயமாகிவிடுகிறது. அடுத்த படம் சொதப்பினால் வாங்கின பேர் போய்விடும், வரையாமலே உட்கார்ந்திருந்தால் பேர் பத்திரமாக இருக்கும். பன்னிரண்டு வயசுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

வயசும் அப்படி. ஆறு வயசுப் பையன் நாலு குச்சி போட்டு "இது யானை" என்பான், நாமும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயசுக்குள் நிஜத்தில் இருப்பது போலவே வர வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. கண் முந்திக்கொள்கிறது, கை பின்னாலே நொண்டிக்கொண்டு வருகிறது. நிறையப் பிள்ளைகள் வரைவதை விட்டுவிடுவது இந்த வயசில்தான். அதிலும் உங்கள் மாணவிக்குக் கண் கூர்மை, தன் தப்பை மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுகிறாள், அதனால்தான் அழிக்கிறாள்.

சரி, அந்தக் கணக்கு நோட்டில் மட்டும் எப்படி வருகிறது? அங்கே பேனா, அழிக்க முடியாது. தாள் மட்டமானது, வீணானாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆடு அவளுடைய ஆடு. முக்கியமாக, யாரும் பார்க்கவில்லை. இந்த நான்கையும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும், உங்கள் வேலை அவ்வளவுதான்.

ரப்பரை ஒரு மாதத்துக்கு டப்பாவில் போட்டு மூடுங்கள், எல்லோருக்கும்தான், அவளுக்கு மட்டும் என்றால் அது தண்டனையாகிவிடும். பெரிய வெள்ளைத் தாள் வேண்டாம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் போதும். மாடிப்படியில் பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புக் குவியல் இருக்குமே, அதைக் காட்டி இரண்டு நிமிஷம் கொடுங்கள். கண் செருப்பை விட்டு நகரக் கூடாது, தாளைப் பார்க்கவே கூடாது, பேனாவைத் தூக்காமல் ஓரத்தைத் தடவிக்கொண்டே போகிற மாதிரி வரைய வேண்டும். எல்லோருக்கும் கோணல்மாணலாகத்தான் வரும், உங்களுக்கும் வரும், நீங்களும் கூட உட்கார்ந்து வரையுங்கள். சிரித்து முடித்துவிட்டு மறுபடி இரண்டு நிமிஷம், இப்படி ஐந்து தடவை. யாருடையது நல்லது என்ற பேச்சே எழாது, நமக்கு வேண்டியதும் அதுதான். வரைந்ததைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம், மடித்துப் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் ஒரு விஷயம், தவறாக நினைக்காதீர்கள். போர்டில் நீங்கள் என்ன போட்டுக் கொடுக்கிறீர்கள்? இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை மரமா? உங்கள் மாடியிலிருந்து பார்த்தால் யானைமலை நிஜமாகவே யானை படுத்த மாதிரி கிடக்குமே! அதை விட்டுவிட்டு முக்கோண மலையை நகலெடுக்கச் சொன்னால், ஆட்டைப் பார்த்துப் பார்த்து வரைந்த பிள்ளைக்கு என்னத்துக்குப் பிடிக்கும்? யானைமலையின் முதுகு எங்கே ஏறி எங்கே சரிகிறது என்று காலையில் ஒன்று, வெயில் சாயும்போது ஒன்று வரையச் சொல்லுங்கள். ஒருநாள் முடிந்தால் விளாச்சேரிக்குக் கூட்டிப்போங்கள், கொலு பொம்மை செய்கிறவர்கள் ஒரே மாதிரி முகத்துக்கு வரிசையாகக் கண் எழுதுவதை அவள் பார்க்கட்டும், நோட்டை எடுக்கச் சொல்லாதீர்கள்.

பாராட்டே கூடாதா என்றால், கூடும், ஆனால் திறமையைச் சொல்லாமல் அவள் கவனித்ததைச் சொல்லுங்கள். ஆட்டின் பின்னங்காலை நம் முட்டி மாதிரி முன்பக்கம் மடக்கி வரைகிறவர்கள்தான் அதிகம், அவள் பின்பக்கம் புடைத்த மூட்டைச் சரியாகப் போட்டிருந்தால், "இதை எப்போ கவனிச்சே?" என்று தனியாகக் கேளுங்கள். அவளே பேச ஆரம்பிப்பாள்.

போட்டி விஷயம். 1973இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மூன்றிலிருந்து ஐந்து வயசுக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சும்மா விளையாட விட்டபோது, மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் அவர்கள் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. அவர்கள் சின்னக் குழந்தைகள், உங்கள் மாணவி பெரியவள், இருந்தாலும் அவளுடைய அம்மாவிடம் இதைச் சொல்லலாம். ஆகஸ்ட் 15க்கு மழைநீர் சேமிப்பு வரைந்து கோப்பை வாங்குவது இந்த வருஷம் வேண்டாம், அவள் படத்தைக் கேட்காமல் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் விசாரியுங்கள், இரண்டு டியூஷன் முடித்து அசந்துபோய் வருகிறாளா, போர்டு கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறதா என்று. சில சமயம் காரணம் அவ்வளவு சாதாரணமாக இருக்கும்.

இரண்டு மாதம் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் கொஞ்ச நாள் வராமல் இருக்கட்டும், வீட்டில் ஆடு இருக்கிறது, பேனா இருக்கிறது. அந்த நோட்டு மட்டும் கணக்கு வாத்தியார் கையில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.