சத்தான உணவு உண்டு எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொண்டால், வயதான பிறகும் புற்றுநோய் வராமல் தடுக்கலாமா?

ஆபத்தைக் குறைக்கலாம், முழுக்கத் தடுக்க முடியாது. எதைத் தின்கிறோம் என்பதில் காட்டும் கவனத்தை எதை மெல்லுகிறோம் என்பதில் நாம் காட்டுவதில்லை.

திருகோணமலையில் இருக்கும் என் பெரிய மாமாவுக்குக் காலையில் இலைக்கஞ்சி, இரவில் குரக்கன் பிட்டு. கருவாடு புற்றுநோய் தரும் என்று யாரோ சொல்ல, அதையும் நிறுத்திவிட்டார். வெற்றிலைத் தட்டம் மட்டும் பக்கத்திலேயே இருந்தது. புகையிலை போடுவதில்லை என்பதில் அவருக்குப் பெருமை வேறு. 62 வயதில், மீன் குழம்பு வாயை எரிக்கிறது என்று விலக்கினார். பிறகு வாய் திறப்பதே குறைந்தது. “வயது போனால் இப்படித்தான்” என்றார், நாங்களும் நம்பினோம். பல் பிடுங்கப் போன இடத்தில்தான் மருத்துவர், “எத்தனை வருடமாகப் பாக்குப் போடுகிறீர்கள்?” என்று கேட்டார். கன்னத்தின் உட்புறம் நாராகி இறுகியிருந்தது. புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறக்கூடிய நிலை.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் வெறும் பாக்குமே புற்றுநோய்க் காரணிகள் என்று சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். கருவாட்டுக் கதையிலும் பாதி உண்மை உண்டு: அந்த நிறுவனத்தின் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் இருப்பது சீன முறையில் உப்பிட்ட மீன்.

வயதின் பங்கு பெரியது. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் மரபணுவில் சிறு பிழைகள் சேர்கின்றன. பிழையான செல்லைத் தேடி அழிக்கும் டி செல்கள் மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. அதுவோ பருவ வயதுக்குப் பிறகு சுருங்கிக்கொண்டே போகிறது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்குச் சில புற்றுநோய்கள் கூடுதலாக வருவதிலிருந்தே இந்தக் காவலின் அருமை தெரியும். அதற்காக அதை மாவு டப்பாவில் வாங்கிக் கூட்டிவிட முடியாது. புற்றுச் செல்லும் நம் உடலின் செல்தான். காவலை ஏமாற்ற அதற்கு வழிகள் உண்டு. எதிர்ப்புச் சக்தி ஓயாமல் தூண்டப்பட்டு வரும் அழற்சியோ புற்றுக்கே துணைபோகும். காய்கறி, நார்ச்சத்து, அளவான எடை ஆகியவை உதவும். தினமும் பாக்கு மென்றுகொண்டு கஞ்சி குடிப்பது, ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைக்கிற வேலை.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, உறைப்பு தாங்காத எரிச்சல் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாமா பாக்கை விட்டுவிட்டார்; வாய் பழையபடி திறக்கவில்லை, கிளினிக் தொடர்கிறது. கருவாட்டை மட்டும் மறுபடி தொடங்கியிருக்கிறார், உறைப்பில்லாமல்.