செட்டிநாட்டில் பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டுவது?

கேள்வி: 6, 10 வயதுப் பிள்ளைகளோடு காரைக்குடியில் இரண்டு நாள் தங்கப்போகிறோம். பழைய வீடு, கோட்டை, அருங்காட்சியகம் மூன்றையும் பிள்ளைகள் அலுக்காமல் எப்படிக் காட்டுவது?

பழைய வீட்டைக் காட்டுவதற்கு முன் டைல்ஸ் பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். பலரும் நேராகப் பெரிய வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆள் குடியிருக்காத கூடத்தில் பிள்ளைகள் ஐந்து நிமிடம் ஓடுவார்கள், பிறகு "போலாமா?" என்பார்கள். தரை எப்படி உருவாகிறது என்று பார்த்துவிட்டு வந்த பிள்ளை தானாகக் குனிந்து தரையைத் தேடும்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியின் பட்டறைகளில் வேலை முழுக்கக் கைவேலைதான். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை நேராகத் தூக்க வேண்டும், கை சற்றுச் சாய்ந்தாலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதன்மேல் மணலும் சிமெண்டும் உலர்வாகத் தூவினால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கலவையைப் போட்டுச் சமப்படுத்துவார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். சூளையே கிடையாது. கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும் முகத்தில் கண்ணாடியின் வழுவழுப்பு அப்படியே இருக்கும். இதைப் பெரியவர்களே வாய் பிளந்து பார்ப்பார்கள். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், கண்ணாடி ஓரம் கையைக் கிழிக்கும். அதனால் சின்னவனின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்கிறதா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். டைல்ஸ் வாங்கினால் முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் தாள் வைத்து, நிறுத்தின வாக்கில் கொண்டுவாருங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் வண்டி குலுங்கும்போது ஓரம் பெயரும்.

அதே ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் பெரிய வீடு இருக்கிறது. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு, கானாடுகாத்தான் அரண்மனை இரண்டையும் தெருவிலிருந்து பார்ப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகலாம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டுக்குள் பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள் என்று பாடம் எடுக்க வேண்டாம், மழைத்தண்ணீரின் வழியைத் தேடச் சொல்லுங்கள். ஓட்டுக்கூரை உள்பக்கம் சரிந்து முற்றத்தில் கொட்டும், அங்கிருந்து எந்த வாய்க்கால் வழியாக வெளியே போகிறது? ஊர் மழைநீர் போய்ச் சேரும் ஊருணியையும் பிறகு காட்டுங்கள். முன்வாசலில் நிறுத்தி, பின்வாசல் தெரிகிறதா என்று கேளுங்கள். முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு என ஒரே நேர்கோட்டில் போகும். வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. ஒரே கூரையின் கீழ் எத்தனை குடும்பம் என்று பெரியவள் எண்ணட்டும். சுண்ணாம்புச் சுவரை விரல் நுனியால் தொடவும் சொல்லுங்கள். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்ந்த பூச்சு அது.

கோட்டைக்கு இன்னொரு நாள் காலை. திருமயம் கோட்டை புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது, ஊரில் ஊமையன் கோட்டை என்பார்கள். கோட்டை திறந்ததும் ஏறிவிடுங்கள். பத்தரைக்கு மேல் பாறை சுட ஆரம்பித்தால் சின்னவனை நீங்கள்தான் தூக்க வேண்டியிருக்கும். உச்சியில் பீரங்கி இருக்கிறது. நடுவழியில் இரும்பு ஏணி வைத்து ஏறும் குடைவரைக்கு (பாறையைக் குடைந்த சிறு கோயில்) ஆறு வயதுப் பிள்ளையை விடாதீர்கள். மேலே தடுப்பில்லாத விளிம்புகள் உண்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் தேவை. தொல்லியல் துறைக் கட்டணம் 15 வயதுக்குக் கீழ் கிடையாது. அடிவாரத்தில் பள்ளிகொண்ட பெருமாளையும் பார்க்க வேண்டுமென்றால் நடுப்பகலில் நடை சாத்துவதற்குள் இறங்கிவிடுங்கள்.

அதே சாலையில் மேலே போனால் புதுக்கோட்டை, திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. எல்லா அறைக்கும் போக வேண்டாம். பாடம் பண்ணிய விலங்குகள், நாணயங்கள், சிற்பங்கள் போதும். பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நாணயமான அம்மன் காசைப் பற்றிச் சொல்லி வையுங்கள்: ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் "விஜய". நாணயப் பகுதியில் அதைத் தேடுவது பத்து வயதுக்குச் சரியான வேலை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

கிராமங்களில் கழிவறை கிடைப்பது சிரமம், காரைக்குடியிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பையில் கொஞ்சம் சீப்புச் சீடை.