கதைக்க முடியாத அம்மா வீட்டை எழுதித் தரலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவுக்கு 71 வயது, மோட்டார் நியூரோன் நோய். இப்போது கதைக்க முடியாது, பேனையும் பிடிக்க ஏலாது. எழுத்துப் பலகையில் கண்ணால் காட்டித்தான் சொல்லுவார். அறிவு தெளிவு. தன் பெயரில் இருக்கும் வீட்டை எனக்கு எழுதித் தர விரும்புகிறார். தெஹிவளையில் இருக்கும் அண்ணாவிடம் அம்மா முன்பு கொடுத்த அற்றோணித் தத்துவம் (அம்மாவுக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) உண்டு. நிலையான வைப்பின் வட்டியை அவர்தான் எடுக்கிறார், மருந்துக்குக் கேட்டால் முகம் சுளிக்கிறார். தம்பி கனடாவில். லீவெல்லாம் முடிந்துவிட்டதால், 11 வருடமாகச் செய்த வேலையை விடும்படி அலுவலகத்தில் சொல்கிறார்கள். ஏஜென்சி மூலம் வந்த ஹற்றன் பிள்ளையொன்று இரவில் அம்மாவைப் பார்க்கிறது. அவள் ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) கேட்கிறாள். நான் அம்மாவைப் பார்ப்பதற்குச் சட்டப்படி ஏதும் கிடைக்குமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெற்ற தாயைப் பார்த்த பிள்ளைக்குச் சம்பளம் தரும் சட்டம் நம் நாட்டில் இல்லை. உங்கள் கைக்காசில் வாங்கிய மருந்து, ஒட்சிசன், கட்டில் வாடகை ஆகியவற்றின் பற்றுச்சீட்டு இருந்தால், அதைப் பிறகு கடனாகக் கேட்க வழி உண்டு. கண் விழித்த இரவுகளுக்குக் கணக்கு இல்லை. அதற்கு ஏதாவது தர அம்மாவால் மட்டுமே முடியும், அதுவும் அறிவு தெளிவாக இருக்கும்போது. இந்த நோயில் மூச்சுத் தசைகள் தளரும். சிலருக்குக் காலப்போக்கில் சிந்தனையும் தடுமாறும். ஆகவே அண்ணாவோடு சண்டை பிடிப்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த மாதத்துக்குள் நொத்தாரிசை (உறுதி எழுதும் சட்டத்தரணியை) வீட்டுக்கு அழையுங்கள்.

பேச முடியாதது தடை இல்லை. கைநாட்டும் செல்லும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். மரணசாசனத்துக்கும் (உயிலுக்கும்) அது போதும். நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடு மரணசாசனம் எழுதவும் சட்டம் இடம் தருகிறது, ஆனால் உங்கள் வீட்டு நிலைமையில் அந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

நாளைக்கு உங்கள் அண்ணா நீதிமன்றம் போனால் இரண்டு விஷயம்தான் சொல்லுவார்: அம்மாவுக்கு விளங்கவில்லை, தங்கச்சி வற்புறுத்தி வாங்கிவிட்டாள். இரண்டுக்கும் இப்போதே பதில் தயாராக இருக்க வேண்டும். அம்மாவைப் பார்க்கும் நரம்பியல் வைத்தியரிடம், கைநாட்டு வைக்கும் அன்றைய திகதியிலேயே, அவர் மனநிலை பற்றிக் கடிதம் வாங்குங்கள். வைத்தியரே சாட்சியாக நின்றால் இன்னும் நல்லது. ‘வீட்டை மகளுக்குக் கொடுக்கிறீங்களா?’ என்று கேட்டு, கண் சிமிட்டலை ஆம் என்று எழுதினால் அது பலவீனமான சான்று. ‘வீடு யாருக்கு?’ என்று நொத்தாரிசு கேட்க வேண்டும், அம்மா எழுத்துப் பலகையில் பெயரைக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் அறையில் இருக்கக் கூடாது. பலகையைப் பிடிப்பது நீங்களாகவோ அந்தப் பிள்ளையாகவோ இருக்கவும் கூடாது. இதெல்லாம் சற்று நாடகம்போலத் தெரியும். புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போது இதன் அருமை விளங்கும்.

நன்கொடை உறுதியா, மரணசாசனமா? சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, அம்மா வைத்துக்கொண்டு நன்கொடை எழுதினால் வீடு இப்போதே உங்களுடையது. அம்மா உயிரோடு இருக்கும்வரை அவரை வீட்டைவிட்டு யாரும் எழுப்ப முடியாது. அப்படி மீளாக் கொடையாக எழுதிய பிறகு நீங்கள் நன்றிகெட்டு நடந்தாலும், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் நீதிமன்றம் போய்த்தான் அதை ரத்துச் செய்யலாம். மரணசாசனத்தை அம்மா விரும்பினால் மாற்றலாம். ஆனால் பின்னர் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு நடத்த வேண்டும். வைத்தியச் செலவுக்கு வீட்டை ஈடு வைக்கவோ விற்கவோ நேரலாம் என்றால் மரணசாசனமே நல்லது. நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். சட்டப்படி அம்மா முழுவதையும் உங்களுக்கே எழுதலாம், ஆண் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு கிடையாது.

அற்றோணித் தத்துவத்தை அம்மாவே ரத்துச் செய்யலாம். அதே நாளில் அதையும் எழுதிப் பதிந்து, வங்கிக்கும் அண்ணாவுக்கும் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். அம்மாவின் அறிவு தடுமாறிவிட்டால் அண்ணாவிடம் உள்ள அற்றோணித் தத்துவத்துக்குச் சட்ட வலு இராது, புதிதாக ஒன்று எழுதவும் முடியாது. அப்புறம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை வைத்து, சொத்துக்கு முகாமையாளர் ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டும். காலமும் போகும், காசும் போகும்.

மூத்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, 60 வயது கடந்த பெற்றோர் பராமரிப்புச் சபையில் பிள்ளைகளிடம் பணம் கேட்கலாம். ஆனால் அது தன்னைத் தானே பராமரிக்க வழியில்லாதவர்களுக்கு. வீடும் வைப்பும் உள்ள அம்மாவுக்கு அது பெரிதாக உதவாது. கனடாத் தம்பியிடம் கட்டளையைக் கொண்டுபோய் நிறைவேற்றுவதும் கஷ்டம்.

வேலை விஷயம்: கடை, அலுவலக ஊழியர் சட்டம் தருவது 14 நாள் வருட லீவும் 7 நாள் அமய லீவும். நோயாளியைப் பார்க்கவென்று தனி லீவு இல்லை. சம்பளமற்ற லீவை எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லை நம்பி இராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். அறிவிக்காமல் நின்றால் பதவியைக் கைவிட்டதாக எழுதிவிடுவார்கள். முன்கூட்டி அனுப்பிய ஒரு மின்னஞ்சல் இருந்தால் அப்படிச் சொல்வது கடினம். 15 பேருக்குக் குறையாத இடம் என்றால், ஒழுக்காற்றுக் காரணமின்றி உங்களை நிறுத்த உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை. நீங்களாக விலகினாலும் அத்தகைய இடத்தில் பணிக்கொடை உண்டு: வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 11 வருடத்துக்கு ஐந்தரை மாதச் சம்பளம்.

ஹற்றன் பிள்ளை கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் உங்களிடமா கேட்க வேண்டும் என்பதுதான் கேள்வி. தனியார் வீட்டு வேலையைச் சேமலாப நிதி ஒழுங்குவிதி ஒதுக்கி வைத்திருக்கிறது. நீங்களே நேராக வேலைக்கு வைத்திருந்தால் அந்த நிதி கட்டும் கடமை உங்களுக்கு இல்லை. ஏஜென்சி அவளுக்குச் சம்பளம் தீர்மானித்து, வீடு மாற்றி அனுப்பி, நிறுத்தவும் செய்கிறது என்றால் ஏஜென்சிதான் தொழில்வழங்குநர். 12 சதவீதத்தை அவர்களே கட்ட வேண்டும். ‘நாங்கள் தரகர் மட்டும்’ என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் பணம் கட்டிய ரசீதுகளையும் அவளுக்குப் பிரதி எடுத்துக் கொடுங்கள். அவள் நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் முறையிட அது போதும். அவளுடைய அடையாள அட்டை உங்களிடமோ ஏஜென்சியிடமோ இருந்தால் இன்றே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை.